உறைக்குள் என்ன இருக்கிறது?

இலவு காத்த கிளியைப் பற்றிக் கேள்விப்படாதவர்கள் நம்மில் இருக்க முடியாது. காய் பழுக்கும், பழுத்ததும் தின்னலாம் என்று மரத்தை விட்டு நகராமல் காத்திருந்ததாம் கிளி. ஒரு நாள் காய் வெடித்தது. உள்ளே இருந்தது பழமல்ல, பஞ்சு! காற்று வந்து அதையும் அள்ளிக்கொண்டு போயிற்று. அன்று முதல் ஏமாந்தவர்களுக்கெல்லாம் அந்தக் கிளி உவமானமாகிவிட்டது.

எனக்கு அந்தக் கிளியின் மேல் எப்போதுமே அனுதாபம் உண்டு. உறைக்குள் என்ன இருக்கிறது என்று பார்க்காமல் நம்பிவிட்டது. அதன் குற்றம் அவ்வளவுதான். அதே குற்றத்தை மனிதர்களும் செய்திருக்கிறார்கள். கிளிக்கு ஒரு வேளைப் பழந்தான் நஷ்டம். மனிதர்களுக்கோ பிராணனே நஷ்டமாகியிருக்கிறது.

நான் சொல்ல வந்தது படகு மெத்தையைப் பற்றி. "கதை எழுதுகிறவருக்கு மெத்தை வியாபாரம் எதற்கு?" என்று நீங்கள் கேட்கலாம். கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள். மேல்நாடுகளில் சின்னஞ்சிறு பாய்ப்படகுகளை வைத்துக்கொண்டு விடுமுறை நாட்களைக் கடலிலேயே கழிப்பவர்கள் ஏராளம். அந்தப் படகின் பின்பக்கத்தில், சுக்கான் பிடிப்பவரும் அவருடைய சகாக்களும் உட்காருவதற்கென்று ஒரு பள்ளம் இருக்கும். 'காக்பிட்' என்று அதற்குப் பெயர். அந்தப் பள்ளத்தின் இருபுறமும் உள்ள பலகைகளின் மேல் திண்டு போட்டுக்கொள்வார்கள். அந்தத் திண்டுக்குள் எதை அடைப்பது என்பது அவர்களுக்குள் ஓயாத வழக்கு. மேலாகப் பார்த்தால் அற்ப விஷயம். உறையைப் பிரித்துப் பார்த்தாலோ, உள்ளே நூற்றைம்பது வருஷத்துச் சரித்திரம் அடைந்து கிடக்கிறது.

முதலில் பெயரையே எடுத்துக்கொள்ளுங்கள். காக்பிட் என்றால் சேவல்களைச் சண்டைக்கு விடும் குழி. பழைய ஆங்கிலப் போர்க்கப்பல்களில், நீர்மட்டத்துக்குக் கீழே, காயம்பட்டவர்களைக் கொண்டுவந்து கிடத்தி ரண சிகிச்சை செய்யும் இடத்துக்கும் இதே பெயர்தான். 1805-ஆம் வருஷம் அக்டோபர் 21-ஆம் தேதி ட்ராஃபல்கர் கடற்போரில் குண்டடிபட்ட நெல்ஸன், 'விக்டரி' கப்பலின் காக்பிட்டில்தான் உயிர் விட்டார். பிற்பாடு உல்லாசப் படகுக்காரர்கள் தாங்கள் சாய்ந்து உட்காரும் பள்ளத்துக்கும் அந்தப் பெயரையே சூட்டிக்கொண்டார்கள். உல்லாசத்துக்கு வைத்த பெயரிலேகூட ரத்த வாடை போகவில்லை, பாருங்கள்!

அந்தக் காலத்து வியாபாரக் கப்பல் மாலுமிக்குக் கப்பல்காரர் மெத்தை கொடுப்பதில்லை. தன் காசில் ஒரு வைக்கோல் மெத்தை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டுதான் கப்பலேறுவான். அதற்குக் 'கழுதையின் காலைச் சாப்பாடு' என்று மாலுமிகள் பெயர் வைத்திருந்தார்கள். வசதி படைத்தவர்களின் உல்லாசப் படகுகளிலோ குதிரை மயிர் அடைத்த திண்டுகள். சுருள் சுருளாக முறுக்கிப் பதப்படுத்திய குதிரை மயிர் வில்லைப் போல் எழும்பி நிற்கும், நனைந்தாலும் மக்காது. வைக்கோல் நனைந்தால் இரண்டே நாளில் நாற்றமெடுத்துவிடும்.

வீட்டு மெத்தைக்கும் கடல் மெத்தைக்கும் உள்ள வித்தியாசம் இங்கேதான் ஆரம்பிக்கிறது. வீட்டில் நாம் மெத்தையைப் பார்த்துக் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: "நீ மிருதுவாக இருக்கிறாயா?" கடலில் கேட்க வேண்டிய கேள்வி வேறு: "தண்ணீர் வந்தால் நீ என்ன செய்வாய்?"

இந்தக் கேள்விக்கு முதலில் நேர்மையாகப் பதில் சொன்னது தக்கை. 1854-ஆம் வருஷம் இங்கிலாந்தின் உயிர்காப்புப் படகுச் சங்கத்தைச் சேர்ந்த காப்டன் வார்ட் என்பவர், கித்தான் துணியின் மேல் தக்கைக் கட்டைகளை வரிசையாக வைத்துத் தைத்து ஒரு மிதவைச் சட்டை செய்தார். போட்டுக்கொண்டால் பீப்பாய்க்குள் புகுந்த மாதிரி இருக்கும். துடுப்புப் போடுகிறவர்களுக்கு அது பிடிக்குமா? "இதை மாட்டிக்கொண்டு எவன் படகு தள்ளுவது?" என்று பலர் மூலையில் வைத்துவிட்டார்கள்.

1861-ஆம் வருஷம் பிப்ரவரி 9-ஆம் தேதி. இங்கிலாந்தின் வடகிழக்குக் கரையில் உள்ள விட்பி என்ற மீன்பிடி ஊர். அன்று வீசிய புயலில் கப்பல் மேல் கப்பலாக வந்து கரையில் மோதிக்கொண்டிருந்தன. ஊர்க்காரர்களின் உயிர்காப்புப் படகு மறுபடி மறுபடி அலைகளுக்குள் புகுந்து, கப்பல் கப்பலாக ஆட்களை மீட்டுக்கொண்டு வந்தது. கைகள் சோர்ந்து போயின. அப்படியும் இன்னொரு கப்பல் தத்தளிப்பதைக் கண்டு மீண்டும் இறங்கினார்கள். அந்தத் தடவை படகு கவிழ்ந்தது. கரையில் நின்றவர்களின் கண்ணெதிரே, பதின்மூன்று பேரில் பன்னிரண்டு பேர் மாண்டார்கள்.

பிழைத்த ஒருவர் ஹென்றி ஃப்ரீமன். செங்கல் அறுக்கும் தொழில் செய்திருந்தவர். உயிர்காப்புப் படகில் அன்றுதான் முதன்முதலாக ஏறியிருந்தார். அந்தப் பதின்மூன்று பேரில் புதிய தக்கைச் சட்டையைப் போட்டிருந்தவர் அவர் ஒருவர்தான். பின்னாளில் அவரே விட்பியின் படகுத் தலைவராகி, இருபது வருஷத்துக்கும் மேலாகப் பலரை மீட்டார். நெஞ்சின் குறுக்கே கைகளைக் கட்டிக்கொண்டு, தக்கைச் சட்டையுடன் அவர் நிற்கும் புகைப்படம் பிரசித்தமானது. 'இதற்குமேல் தர்க்கம் எதற்கு?' என்று கேட்பது போலிருக்கும் அந்த முகம்.

தக்கை எப்படி மிதக்கிறது? இந்தக் கேள்விக்கு விடை இருநூறு வருஷங்களுக்கு முன்பே கிடைத்திருந்தது. ராபர்ட் ஹூக் என்ற ஆங்கில விஞ்ஞானி தக்கையைச் சன்னமாகச் சீவிப் பூதக்கண்ணாடியில் வைத்துப் பார்த்தார். தேன்கூட்டைப் போலச் சின்னச் சின்ன அறைகள். ஒவ்வோர் அறையிலும் காற்று. ஒவ்வோர் அறைக்கும் தனிச் சுவர். ஒரு கன அங்குலத்தில் நூற்றிருபது கோடி அறைகள் இருக்கும் என்று கணக்கிட்டார். துறவிகளின் மடத்து அறைகளைக் குறிக்கும் 'செல்' என்ற சொல்லை அவற்றுக்கு இட்டு, 1665-ஆம் வருஷம் வெளியிட்ட புத்தகத்தில் எழுதினார். இன்று உயிரியல் படிக்கும் பிள்ளைகள் சொல்லும் 'செல்' அதிலிருந்து வந்ததுதான். அறை மூடியிருக்கும் வரையில் தண்ணீர் உள்ளே போக முடியாது. தண்ணீர் போகாத வரையில் தக்கை மூழ்காது. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கடைசியில் இதே அறைகளுக்குத்தான் திரும்பி வரப்போகிறோம்.

ஆனால் உறையை மூடித் தைத்துவிட்டால், உள்ளே இருப்பது நல்ல தக்கைதானா என்று யாருக்குத் தெரியும்?

1904-ஆம் வருஷம் ஜூன் 15-ஆம் தேதி நியூயார்க் நகரத்தில் அதற்குப் பதில் கிடைத்தது. அந்த நகரத்தில் வசித்த ஜெர்மானியக் குடும்பங்கள் மாதாகோவில் சார்பாக வருஷாவருஷம் ஆற்றுவழியே உல்லாசப் பிரயாணம் போவார்கள். அன்று 'ஜெனரல் ஸ்லோகம்' என்ற நீராவிக் கப்பலில் சுமார் 1,340 பேர் ஏறினார்கள். வேலை நாள் ஆகையால் ஆண்கள் அதிகம் வரவில்லை. பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளுந்தான். நடு ஆற்றில் கப்பல் தீப்பற்றிக்கொண்டது. தண்ணீர்க் குழாய்த் துணி மக்கிப் போயிருந்ததால் திறந்ததும் வெடித்தது. தலைக்கு மேலே கம்பிகளுக்குப் பின்னால் மிதவைச் சட்டைகள் இருந்தன. இழுத்தெடுத்தால் துணி கிழிந்து, உள்ளேயிருந்து பழுப்பு நிறத் தூள் கொட்டியது. பதின்மூன்று வருஷங்களுக்கு முன் செய்து தொங்கவிட்ட சட்டைகள் அவை. வெயிலும் ஈரமும் பட்டுத் தக்கை பொடியாகியிருந்தது.

அது தெரியாத தாய்மார்கள் குழந்தைகளுக்கு அந்தச் சட்டையை இறுகக் கட்டி, கடவுளை வேண்டிக்கொண்டு தண்ணீரில் இறக்கினார்கள். குழந்தைகள் கல்லைப் போல் அமிழ்ந்தார்கள். அன்று இறந்தவர்கள் 1,021 பேர்.

இதைவிடக் கொடுமை ஒன்று அதன் பிறகு வெளிவந்தது. ஒரு சட்டைக்கு இத்தனை ராத்தல் நல்ல தக்கை வேண்டும் என்று சட்டம் எடையை நிர்ணயித்திருந்தது. தக்கை விலை அதிகம், இரும்பு மலிவு. தக்கைக் கட்டைகளுக்கு நடுவே இரும்புத் துண்டைச் செருகி எடையைச் சரிக்கட்டிய உற்பத்தியாளர்கள் விபத்துக்குப் பின் நடந்த விசாரணையில் அகப்பட்டார்கள். மிதக்க வேண்டிய சட்டைக்குள் இரும்பு! வழக்குத் தொடர்ந்தார்கள், தண்டனை மட்டும் கிடைக்கவில்லை. கப்பல் தலைவர்தான் சிறைக்குப் போனார்.

கதாசிரியன் ஒருவன் இப்படி ஒரு வில்லனைப் படைத்தால், "மிகைப்படுத்துகிறான்" என்று நீங்களே கடிதம் எழுதுவீர்கள்.

அதே 1904-ஆம் வருஷத்தில் வேறு இரண்டு காரியங்களும் நடந்தன. தக்கைச் சட்டையால் பிழைத்த ஹென்றி ஃப்ரீமன் அந்த வருஷம் காலமானார். இங்கிலாந்தின் உயிர்காப்புப் படகுச் சங்கம் அதே வருஷம் தக்கைக்குப் பதிலாக இலவம் பஞ்சு அடைத்த சட்டையைக் கொண்டுவந்தது. ஆம், நம் கிளி காத்திருந்த அதே பஞ்சுதான்!

போடிநாயக்கனூர்ப் பக்கத்தில் மூட்டை மூட்டையாக விற்கும் இலவம் பஞ்சைக் கையில் எடுத்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும். வழவழவென்று விரலில் நிற்காது. நூலாக நூற்க முடியாது. அதனால் நெசவுக்கு உதவாத பஞ்சு என்று தலையணைக்குள் அடைத்துவிட்டோம். ஆனால் அதன் ஒவ்வோர் இழையும் உள்ளே காற்றடைத்த ஒரு குழல். மேலே மெழுகுப் பூச்சு. பருத்தி தண்ணீரைக் குடிக்கும். இலவம் பஞ்சு தண்ணீரைத் தள்ளும். தக்கை தன் எடையைப் போல் நாலைந்து மடங்கு சுமையைத் தண்ணீரில் தாங்கும் என்றால், இலவம் பஞ்சு முப்பது மடங்கு வரையில் தாங்கும். உலகச் சந்தைக்கு இது பெரும்பாலும் ஜாவாத் தீவிலிருந்து போயிற்று.

1942-ஆம் வருஷம் ஜாவா ஜப்பானியர் கையில் விழுந்தது. அமெரிக்கக் கடற்படைக்கு லட்சக்கணக்கில் மிதவைச் சட்டைகள் வேண்டியிருந்த சமயத்தில் பஞ்சு நின்றுபோயிற்று. அப்போது கை கொடுத்தது வயல் ஓரத்துக் களைச்செடி ஒன்று. நம் ஊர் எருக்கஞ்செடிக்கு அது நெருங்கிய உறவு. எருக்கங்காய் வெடித்து வெள்ளைப் பஞ்சு பறப்பதை நீங்கள் பார்த்திருக்கலாம். அதே மாதிரிப் பஞ்சுதான் அதுவும். அமெரிக்கப் பள்ளிக்கூடப் பிள்ளைகளை வயல்களுக்கு அனுப்பி, காய்களைப் பறித்து வெங்காய மூட்டைகளில் அடைக்கச் சொன்னார்கள். வேலிகளில் மூட்டை மூட்டையாகக் காயவைத்தார்கள். இரண்டு மூட்டைக் காய் ஒரு உயிரைக் காப்பாற்றும் என்பது அன்றைய கோஷம். எந்தக் குழந்தை பறித்த காய் எந்த மாலுமியின் கழுத்தடியில் மிதந்ததோ, யார் கண்டார்கள்!

இலவம் பஞ்சு உல்லாசப் படகுகளின் திண்டுக்குள்ளும் புகுந்தது. அமெரிக்காவில் 16 அடியும் அதற்கு மேலும் நீளமுள்ள உல்லாசப் படகுகள், சில துடுப்புத் தோணிகளைத் தவிர, தண்ணீரில் விழுந்தவருக்கு எறிவதற்கென்று ஒரு மிதவை வைத்திருக்க வேண்டும் என்பது சட்டம். இரு பக்கமும் பிடிவாரோடு, முத்திரை பெற்ற சதுரத் திண்டும் அதற்குச் செல்லும். தண்ணீரில் தத்தளிக்கும் மனிதனின் தலையை மேலே நிறுத்த எத்தனை பலம் வேண்டும் என்று நினைக்கிறீர்கள்? 7 முதல் 12 ராத்தல் போதும். (ஒரு ராத்தல் அரைக் கிலோவுக்குச் சற்றுக் குறைவு.) அந்தத் திண்டு 18 ராத்தல் தாங்க வேண்டும் என்று விதி. அதை மார்போடு அணைத்துக்கொள்ள வேண்டும். முதுகில் மாட்டிக்கொள்ளக் கூடாது என்று எச்சரிக்கையும் அதிலேயே அச்சிட்டிருக்கும். முதுகில் கட்டினால் முகம் தண்ணீருக்குள் கவிழ்ந்துவிடும் அல்லவா?

இலவம் பஞ்சுக்கும் ஒரு குறை உண்டு. மேலே உட்கார உட்கார இழை நொறுங்கும். உள்ளே இருக்கும் காற்று போய்விடும். எண்ணெய் பட்டால் மிதக்கும் சக்தியும் போகும். தீயும் எளிதில் பிடிக்கும். அதனால் பஞ்சைப் பிளாஸ்டிக் பைகளில் அடைத்து ஒட்டி, அதன்மேல் உறை போட்டார்கள். பையில் ஓட்டை விழுந்தால் முடிந்தது கதை. விசித்திரத்தைப் பாருங்கள்: உட்காருவதற்கென்று செய்த திண்டு, உட்கார்ந்தே கெட்டுப்போகிறது!

இதற்கிடையில் பஞ்சின் சாம்ராஜ்யத்துக்கே முடிவு வந்துவிட்டது. 1929-ஆம் வருஷம் இங்கிலாந்தில் டன்லப் ஆராய்ச்சிச் சாலையில் மர்ஃபி என்பவர், ரப்பர்ப் பாலைச் சமையலறையில் மாவு அடிக்கும் இயந்திரத்தால் நுரைக்க அடித்து நுரை ரப்பரை உண்டாக்கினார். 1937-இல் ஜெர்மனியில் ஆட்டோ பாயர் என்ற ரசாயன நிபுணர் பாலியூரித்தேன் என்ற புதுப் பொருளைக் கண்டுபிடித்தார். வார்த்த கட்டியில் எல்லாம் குமிழிகள் விழுந்திருப்பதைக் கண்டு, ஓட்டை ஓட்டையான பாலாடைக்கட்டிக்குப் போலி செய்யத்தான் இது லாயக்கு என்று யாரோ பரிகாசம் செய்ததாகச் சொல்வதுண்டு. அந்த ஓட்டைதான் பின்னால் உலகத்தையே உட்கார வைத்தது. இன்று நம் சோபாவிலும் பஸ் ஆசனத்திலும் இருக்கிற ஃபோம் அதுதான். இட்லி மாவு பொங்குகிறதே, அதே கரியமில வாயுதான் இதையும் பொங்க வைக்கிறது. கலவையில் கொஞ்சம் தண்ணீர் சேர்த்தால் வாயு கிளம்பி நுரைக்கிறது. தண்ணீரால் பிறந்த பொருள், தண்ணீரைக் கண்டால் விடுவதில்லை!

இப்போது ஹூக்கின் அறைகளுக்குத் திரும்புவோம். ஃபோம் என்றால் எல்லாம் ஒன்றல்ல. மூன்று விதமான வீடுகளை மனத்தில் எண்ணிக்கொள்ளுங்கள்.

முதல் வீட்டில் ஒவ்வோர் அறையும் நாலு பக்கமும் சுவர் வைத்து மூடியது. வெள்ளம் வந்தாலும் உள்ளே நுழையாது. இதுதான் மூடிய அறை ஃபோம், தக்கையின் வாரிசு. பாலிஎத்திலீன், பி.வி.சி. போன்றவற்றால் செய்கிறார்கள். மிதக்கும், ஆனால் உட்கார்ந்தால் கெட்டியாக இருக்கும்.

இரண்டாவது வீட்டில் அறைக்கு அறை வழி உண்டு. ஆனால் எல்லாம் ஒருக்களித்த கதவுகள். வெள்ளம் மெதுவாக நுழையும். வெளியேற வழி தெரியாமல் உள்ளேயே தங்கிவிடும். நாம் கடையில் வாங்கும் சாதாரண ஃபோம் இதுதான். கடையில் கையால் அமுக்கிப் பார்க்கும்போது எல்லாவற்றிலும் சொகுசானது இதுவே.

மூன்றாவதை வீடு என்பதைவிட ஆயிரங்கால் மண்டபம் என்று சொல்ல வேண்டும். சுவரும் இல்லை, கதவும் இல்லை. தூண்கள் மட்டும் நிற்கின்றன. சாதாரண ஃபோமை ஒரு பெட்டியில் அடைத்து, எரியும் வாயுவை நிரப்பிப் பொறி வைப்பார்கள். ஒரு கணத்தில் மெல்லிய சவ்வுகளெல்லாம் எரிந்துபோய் எலும்புக்கூடு மட்டும் மிஞ்சும். இதில் தண்ணீர் ஊற்றினால் அடியில் ஒழுகிவிடும். திண்டின் அடிப்பக்கத்துக்கு வலைத்துணி போட்டால் சீக்கிரம் உலர்ந்தும் விடும். ஆனால் இது யாரையும் மிதக்க வைக்காது.

கொஞ்சம் கணக்குப் பார்க்கலாம். நாலு அடி நீளம், ஒன்றரை அடி அகலம், மூன்று அங்குல கனமுள்ள திண்டு ஒன்றரைக் கன அடி. ஒரு கன அடித் தண்ணீரின் எடை சுமார் 62 ராத்தல். சாதாரண ஃபோமில் பெரும்பங்கு வெற்றிடந்தான். அது முழுக்க ஊறிவிட்டால் ஒரு திண்டு மட்டும் ஏறக்குறைய 90 ராத்தல் தண்ணீரைச் சுமக்கும். நாலு திண்டு என்றால் இரண்டு ஆள் பாரத்துக்கு மேல்! அதே அளவுள்ள மூடிய அறைத் திண்டோ, தண்ணீரில் கிட்டத்தட்ட அவ்வளவு பாரத்தைத் தூக்கி நிறுத்தும். அளவு ஒன்று, உறை ஒன்று, நிறம் ஒன்று. ஒன்று கீழே இழுக்கிறது, மற்றது மேலே தூக்குகிறது. வெளியில் பார்க்கிறவர்களுக்கு வித்தியாசமே தெரியாது.

இன்னொரு மயக்கமும் உண்டு. கெட்டியாக இருந்தால் உழைக்கும் என்று நாம் நினைக்கிறோம். அடர்த்தி வேறு, கெட்டித்தன்மை வேறு. அடர்த்தி என்பது ஒரு கன அடியில் எத்தனை சரக்கு இருக்கிறது என்பது. ஃபோமின் ஆயுள் பெரும்பாலும் அதைப் பொறுத்தது. கெட்டித்தன்மையை வேறு விதமாக அளக்கிறார்கள்: நாலு அங்குல கனத் துண்டை ஒரு வட்டத் தட்டால் மூன்று அங்குலமாகும்படி அழுத்த எத்தனை ராத்தல் பலம் வேண்டும் என்று பார்க்கிறார்கள். அடர்த்தி குறைந்த சரக்கைக்கூட ரசாயன வித்தையால் கெட்டியாகச் செய்துவிடலாம். வாங்கிய அன்று விறைப்பாக நிற்கும். ஒரு கோடை கழிவதற்குள் அப்பளமாகிவிடும். எடையைப் பார்த்து ஏமாந்தது நியூயார்க் என்றால், விறைப்பைப் பார்த்து ஏமாறுவது நம் காலம்.

அப்படியானால் எதைத்தான் வாங்குவது? அனுபவப்பட்ட படகுக்காரர்கள் திண்டின் பேரைக் கேட்பதில்லை. தண்ணீர் எங்கே என்று கேட்கிறார்கள். அலை தெறித்து நித்தம் நனையும் இடத்துக்கு ஆயிரங்கால் மண்டபம். அடிக்கடி மழையிலும் வெயிலிலும் கிடக்கும் இடத்துக்கு இரண்டு அங்குல மூடிய அறை. உடம்பு நோகிறது என்றால் அதன்மேல் மெல்லியதாக ஒரு மிருதுப் படலம். கூரைக்குக் கீழே, ஈரம் படாத அறைக்குள் படுக்க மட்டும் சாதாரண ஃபோம். மூன்றுக்கும் இடம் உண்டு. இடம் மாறினால்தான் ஆபத்து. எதை வாங்கினாலும், அது மிதக்கும் என்பதற்காக உயிர்காக்கும் சாதனம் என்று நினைத்துவிடக் கூடாது. அந்த வேலைக்குப் பரீட்சை செய்து முத்திரையிட்ட திண்டும் சட்டையும் தனியாக இருக்க வேண்டும். அவற்றையும் வருஷத்துக்கொரு முறை எடுத்து அமுக்கிப் பார்க்க வேண்டும். கிழிந்திருந்தால், காற்று கசிந்தால், தயங்காமல் எறிந்துவிட வேண்டும். பதின்மூன்று வருஷம் தொங்கிய சட்டைகளை ஸ்லோகத்தில் ஒருவராவது அப்படி அமுக்கிப் பார்த்திருந்தால்!

விட்பியில் ஒருவரைக் கரை சேர்த்தது தக்கை. நியூயார்க்கில் குழந்தைகளை அமிழ்த்தியதும் தக்கைதான். பொருளின் மேல் பழியும் இல்லை, பெருமையும் இல்லை. தைப்பவன் உள்ளே எதை வைத்தான், வாங்கியவன் எப்போது பார்த்தான் என்பதில் இருக்கிறது எல்லாம்.

அந்தக் கிளியைப் பற்றி மறுபடி யோசித்துப் பார்க்கிறேன். அது காத்திருந்தது தப்பல்ல. காய்க்குள் இருந்ததும் மட்டமான சரக்கல்ல. கடலில் மனித உயிர்களைத் தாங்கிய பொருள். கிளி ஒரு முறை அலகால் கொத்திப் பார்த்திருக்கலாம். அவ்வளவுதான்.